எதற்கு எவ்வளவு? (நிறையிட்ட சராசரி பற்றி ஒரு பாடம்)



ஞாயிற்றுக்கிழமை தோறும் நம்மிற் சிலர் கூடிப் போட்டித் தேர்வுக் கணக்குகளைப் போட்டுப் பார்த்து வருகிறோம் என்பதை அறிவீர்கள். வங்கித் தேர்வுக்குப் படிப்போர் உண்டு. மேலாண்மைப் படிப்பின் நுழைவுத் தேர்வை எழுத இருப்போரும் உண்டு. வட்டிக் கணக்கும் லாப நட்டக் கணக்கும் தடையின்றி ஓடுகின்றன. சராசரிக் கணக்கு வந்ததும் வண்டி குடை சாய்ந்து விடுகிறது. காரணம், அது மிக எளிது என்று நாம் எண்ணிவிடுவதுதான். இரண்டு எண்களைக் கண்டதும் கூட்டி இரண்டால் வகுத்து விடுகிறோம். கூட்டலும் வகுத்தலும் சரியாகவே இருக்கின்றன. விடை மட்டும் தவறிப் போகிறது.

இந்தத் தவறு எவ்வளவு விலையுள்ளது என்பதை நான் அறிவேன். முதலாண்டில் அதன் விலையை நானே கொடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

முதற் பருவத்தில் எனக்கு நான்கு பாடங்கள். தரப்புள்ளிகள் பாடவாரியாக முதலில் வெளிவந்தன. கணிதத்தில் 6, இயற்பியலில் 7, வேதியியலில் 6, மொழிப்பாடத்தில் 9. கூட்டினேன்; 28 வந்தது. நான்கால் வகுத்தேன், 7 வந்தது. உதவித்தொகைக்கு வேண்டிய சராசரியும் 7தான். அன்றிரவே கோவைக்குத் தொலைபேசியில் பேசி, உதவித்தொகை வந்துவிடும் என்று தந்தையாரிடம் கூறிவிட்டேன். விடுதிக் கட்டணத்துக்காக அந்த மாதம் ஏலச்சீட்டை எடுக்க எண்ணியிருந்தவர், என் சொல்லை நம்பி அதை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்து விட்டார்.

இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் பட்டியல் வந்தது. பருவச் சராசரி 6.6 என்று அச்சிட்டிருந்தது. பிழை என்றே நினைத்தேன். அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த எழுத்தர் பட்டியலின் ஓர் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். முதல் மூன்று பாடங்களுக்கும் தலைக்கு 6 கிரெடிட். மொழிப்பாடத்துக்கு 2 கிரெடிட். அதுவரை அந்த வரிசையை நான் படித்ததே இல்லை.

தந்தையார் ஒரு நகைப் பட்டறையில் வேலை செய்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"ஏங்கண்ணு, பதினெட்டு காரட்டையும் இருபத்திரண்டு காரட்டையும் சேர்த்து உருக்கினா இருபதுன்னு சொல்லிடுவியா? எது எத்தனை கிராமுன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கணுங்கப்பா."

"பதினெட்டுல முப்பது கிராம், இருபத்திரண்டுல பத்துக் கிராம் போட்டா, பத்தொம்பதுதான் வரும். இது எங்க பட்டறைப் பையனுக்கும் தெரியுமே சாமி."

கடிந்துகொள்ளவில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டணத்தை அனுப்பிவிட்டார். நான் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

இனிப் பாடத்தைப் பார்ப்போம்.

தந்தையார் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். காரட் என்பது பொன்னின் தூய்மையை 24 பங்குகளில் கூறும் அளவு. 18 காரட் பொன் 30 கிராம், 22 காரட் பொன் 10 கிராம். ஒவ்வொரு தரத்தையும் அதன் எடையால் பெருக்குவோம்: 18 × 30 = 540; 22 × 10 = 220. இரண்டையும் கூட்டினால் 760. மொத்த எடை 40 கிராம். 760 ÷ 40 = 19. இதுவே நிறையிட்ட சராசரி. இரண்டும் சம எடையாக இருந்தால் மட்டும் விடை 20 ஆகும். எனவே நாம் பள்ளியில் கற்ற சாதாரணச் சராசரி என்பது, எல்லா நிறைகளும் சமமாக அமைந்த நிறையிட்ட சராசரியே.

இந்த முறை புதிதன்று. பாஸ்கராசாரியர் 1150இல் இயற்றிய லீலாவதியில் பொன் கணக்குக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு பொன் துண்டின் மாற்றையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் உருக்கிய பொன்னின் மாற்றுக் கிடைக்கும் என்பது அங்கே கூறப்படும் விதி. உருக்கிச் சுத்தம் செய்தபின் எடை குறைந்தால், குறைந்த எடையால் வகுக்க வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஒருவரைப் புகழும் நம் தமிழருக்கு இந்த விதி அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். பொன் கணக்கில் எடை என்ற ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. மற்றக் கணக்குகளில் எதை நிறையாகக் கொள்வது? தேர்வில் நம்மைத் தடுமாற வைப்பது இதுதான். இதற்கு நான் கைக்கொள்ளும் வழி ஒன்றைச் சொல்கிறேன். அது நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

நான்காம் வேற்றுமை உருபு 'கு' என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வீதத்தைக் கூறும்போதெல்லாம் நாம் அந்த உருபைப் பயன்படுத்துகிறோம். அரிசி கிலோவுக்கு 60 ரூபாய். பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர். சாப்பாடு ஆளுக்கு 80 ரூபாய். இந்த 'கு' எந்தச் சொல்லின் மீது ஏறி நிற்கிறதோ, அதுவே நிறை. கிலோவுக்கு என்றால் கிலோ நிறை. மணிக்கு என்றால் மணி நிறை. ஆளுக்கு என்றால் ஆட்களின் தொகை நிறை. பாடங்களின் தரப்புள்ளியும் உண்மையில் கிரெடிட் ஒன்றுக்கு இத்தனை என்பதே. ஆகவே கிரெடிட் நிறை.

ஏன் இப்படி? கிலோவுக்கு 60 ரூபாய் என்பதைக் கிலோவால் பெருக்கினால் மொத்த ரூபாய் வருகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பதை மணியால் பெருக்கினால் மொத்தத் தூரம் வருகிறது. வீதங்களைக் கூட்டினால் பொருள் எதுவும் கிடைப்பதில்லை. மொத்தங்களைக் கூட்டினால் பொருளுண்டு. மொத்த ரூபாயை மொத்தக் கிலோவால் வகுக்கிறோம். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கிறோம். நிறையிட்ட சராசரி என்னும் பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவே.

இந்த வழியைச் சில கணக்குகளில் சோதித்துப் பார்ப்போம்.

முதற் கணக்கு. ஒரு வகுப்பின் முதற் பிரிவில் 30 மாணவர்; சராசரி மதிப்பெண் 60. இரண்டாம் பிரிவில் 20 மாணவர், சராசரி 75. இரு பிரிவுகளும் சேர்ந்த சராசரி என்ன? மாணவருக்கு இத்தனை மதிப்பெண் என்பதால் மாணவர் தொகையே நிறை. 30 × 60 = 1800; 20 × 75 = 1500. மொத்தம் 3300. அதை 50 ஆல் வகுக்க 66 வருகிறது. அவசரக்காரர் 67.5 என்று எழுதியிருப்பார். அந்த விடையும் கொடுத்திருக்கும் நான்கு விடைகளுள் ஒன்றாக நமக்காகக் காத்திருக்கும்!

இரண்டாம் கணக்கு. ஓர் ஊருக்கு 120 கிலோமீட்டர். போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம்; திரும்பும்போது மணிக்கு 60 கிலோமீட்டர். சராசரி வேகம் என்ன? போன தூரமும் வந்த தூரமும் சமம் என்பதால் 50 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 'கு' தூரத்தின் மீது ஏறவில்லை. மணியின் மீது ஏறியிருக்கிறது. போக 3 மணி. வர 2 மணி. நிறைகள் 3, 2. (40 × 3 + 60 × 2) ÷ 5 = 48. மெதுவாகச் சென்ற நேரமே அதிகம். ஆதலால் சராசரி மெதுவான வேகத்தின் பக்கம் சாய்கிறது. பயணத்தூரம் 120 என்று கணக்கில் சொல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். இரு வேகத்தாலும் மீதியின்றி வகுபடும் ஒரு தூரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், விடை மாறாது.

மூன்றாம் கணக்கு. 1200 ரூபாய்க்குக் கிலோ 40 ரூபாய் அரிசியும், இன்னொரு 1200 ரூபாய்க்குக் கிலோ 60 ரூபாய் அரிசியும் வாங்கினேன். சராசரியாகக் கிலோவுக்கு என்ன விலை கொடுத்தேன்? முதல் வகை 30 கிலோ. இரண்டாம் வகை 20 கிலோ. 2400 ரூபாய்க்கு 50 கிலோ. கிலோ 48 ரூபாய். இது பேருந்துக் கணக்கேயன்றி வேறில்லை. பேருந்தை அரிசியாக மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். உருவம் மாறிய கணக்கை அடையாளம் காண்பதே தேர்வில் பாதி வெற்றி.

ஓர் எச்சரிக்கை. விழுக்காட்டுக் கணக்கில் 'கு' நம்மை ஏமாற்றிவிடும். நூற்றுக்கு 90 பேர் தேறினர் என்னும்போது உருபு நூற்றின் மீது நிற்கிறது. அங்கே, எதன் நூற்றுக்கு என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். ஒரு பள்ளியில் 50 பேர் எழுதி 90 விழுக்காடு தேறினர்; மற்றொரு பள்ளியில் 200 பேர் எழுதி 60 விழுக்காடு தேறினர். தேர்வு எழுதியவர்களின் நூற்றுக்கு என்பதால், எழுதியவர் தொகையே நிறை. முதற் பள்ளியில் 45 பேர். இரண்டாவதில் 120 பேர். 250 பேரில் 165 பேர் தேறினர். அது 66 விழுக்காடு. 75 விழுக்காடு என்று எழுதுவோர் 200 பேரின் குரலையும் 50 பேரின் குரலையும் ஒன்றாக எண்ணிவிட்டவர் ஆவர்.

இனி, தேர்வில் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வழி. இதனைக் கலப்பு விதி என்பர். சராசரியை ஒரு தராசுக் கோலாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு எண்களும் கோலின் இரு முனைகள். அவற்றின் நிறைகள் முனைகளில் தொங்கும் சுமைகள். கோல் சமநிலையில் நிற்கும் இடமே சராசரி. கனத்த சுமை கோலின் நடுப்பிடிக்கு அருகில் இருக்க வேண்டும். இலேசான சுமை தொலைவில் இருக்க வேண்டும். காவடி தூக்குவோர் தோளை எந்தப் பக்கம் நகர்த்துகிறார் என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

முன் சொன்ன வகுப்பையே பாருங்கள். 60க்கும் 66க்கும் உள்ள தொலைவு 6. 75க்கும் 66க்கும் உள்ள தொலைவு 9. மாணவர் தொகைகளோ 30க்கு 20, அதாவது 3க்கு 2. தொலைவுகள் 6க்கு 9, அதாவது 2க்கு 3. நிறைகளின் விகிதமும் தொலைவுகளின் விகிதமும் ஒன்றுக்கொன்று தலைகீழாய் நிற்கின்றன. இதைக் கொண்டு கணக்கைத் திருப்பியும் போடலாம். கிலோ 50 ரூபாய் அரிசியையும் 65 ரூபாய் அரிசியையும் எந்த விகிதத்தில் கலந்தால் கலவை 56 ரூபாய் பெறும்? தொலைவுகள் 6, 9. தலைகீழாக்கினால் 9க்கு 6, அதாவது 3க்கு 2. மலிவான அரிசி 3 பங்கு, உயர்ந்தது 2 பங்கு. சரிபார்ப்போம்: 150 + 130 = 280; 280 ÷ 5 = 56.

இதிலிருந்து இன்னும் இரண்டு உண்மைகள் தெளிவாகும். ஒன்று, சராசரி எப்போதும் சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இடையிலேயே இருக்கும். நிறை மிகுந்த எண்ணை நோக்கிச் சாயும். விடை அதற்கு வெளியே போனால் கூட்டலில் பிழை என்று உடனே அறியலாம். நான்கு விடைகளில் இரண்டை எழுதாமலே தள்ளிவிட இது பல சமயம் உதவும். மற்றொன்று, சராசரிகளை மட்டும் கொண்டு விகிதத்தைக் காணலாம். தொகையைக் காண முடியாது. முதற் பிரிவின் சராசரி 60, இரண்டாம் பிரிவின் சராசரி 75, மொத்தச் சராசரி 66. வகுப்பில் எத்தனை மாணவர் என்று கேட்டால், கொடுத்த விவரம் போதாது என்பதே விடை. 3க்கு 2 என்பதால் மொத்தம் 5இன் மடங்கு என்று மட்டும் சொல்லலாம். விவரம் போதுமா என்று சோதிக்கும் வினாக்களில் இது அடிக்கடி வரும்.

இவை தேர்வுக்காக மட்டும் உண்டான கணக்குகள் என்று நினைக்க வேண்டா. நாட்டின் விலைவாசியை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணும் ஒரு நிறையிட்ட சராசரியே. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், உணவுக்கும் பானங்களுக்கும் கிராமப்புறத்தில் 54.18 விழுக்காடு நிறை கொடுத்திருந்தார்கள், நகர்ப்புறத்தில் 36.29; நாடு முழுமைக்கும் சேர்த்து 45.86. கிராமத்தார் செலவில் உணவின் பங்கு அதிகம் என்பதை இது காட்டுகிறது. இப்போது நம் கலப்பு விதியை இங்கே வைத்துப் பாருங்கள். 54.18க்கும் 45.86க்கும் தொலைவு 8.32. 45.86க்கும் 36.29க்கும் தொலைவு 9.57. தலைகீழாக்கினால் கிராமத்துக்கு 9.57, நகரத்துக்கு 8.32. அதாவது மொத்தக் குறியீட்டில் கிராமத்தின் நிறை நூற்றுக்கு ஏறத்தாழ 53.5, நகரத்தின் நிறை 46.5. மூன்று எண்களை மட்டும் பார்த்து, அட்டவணை சொல்லாத நான்காவது ஒன்றை நாமே கண்டுபிடித்து விட்டோம். வெங்காயமும் தக்காளியும் விலையேறும்போது கிராமக் குறியீடு நகரக் குறியீட்டைவிட ஏன் அதிகம் துள்ளக்கூடும் என்பதற்கும் இதில் விடையிருக்கிறது.

மறுபடியும் என் கதைக்கு வருகிறேன். பருவச் சராசரியைக் கணக்கிடும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட விருப்பத் தேர்வு கிரெடிட் முறை பற்றிய வழிகாட்டுதலிலேயே காணலாம். ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். என் கணக்கு இப்படி: 6 × 6 = 36; 7 × 6 = 42; 6 × 6 = 36; 9 × 2 = 18. மொத்தம் 132. கிரெடிட்டுகள் 20. ஆக 6.6. மொழிப்பாடத்தில் வாங்கிய 9ஐ மற்றப் பாடங்களுக்குச் சமமாக நான் நிறுத்தியிருந்தேன். அதன் நிறையோ மற்றதில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டாம் பருவம் தொடங்கியதும் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்துக் கணக்கிட்டேன். அந்தப் பருவத்துக்கும் 20 கிரெடிட். இரு பருவமும் சேர்ந்து 7 ஆக வேண்டுமானால், 40 கிரெடிட்டுக்கு 280 புள்ளி தேவை. கையில் இருப்பது 132. மீதி 148. அதை 20ஆல் வகுத்தால் 7.4. இன்னொன்றும் பார்த்தேன். 6 கிரெடிட் பாடத்தில் ஒரு தரப்புள்ளி கூடினால் பருவச் சராசரி 0.3 உயர்கிறது, 2 கிரெடிட் பாடத்தில் ஒரு தரப்புள்ளி கூடினால் 0.1தான் உயர்கிறது. முதற் பருவத்தில் நானோ, எளிதாக வருகிறது என்பதற்காக மொழிப்பாடத்திலேயே மாலைப் பொழுதுகளைக் கழித்திருந்தேன். சிறிய பாடத்தை இகழ வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்குரிய பொழுதை அதற்குக் கொடுத்து, பெரிய பாடத்துக்குரியதைப் பெரிய பாடத்துக்குக் கொடுத்தேன்.

பருவ முடிவில் 8, 7, 7 என்று மூன்று பெரிய பாடங்களிலும், 9 என்று சிறிய பாடத்திலும் வந்தது. 48 + 42 + 42 + 18 = 150; சராசரி 7.5. இரு பருவமும் சேர்த்து 282 ÷ 40 = 7.05. இம்முறை பட்டியல் கையில் வந்த பிறகே ஊருக்குப் பேசினேன். "எடை போட்டுப் பாத்தியா கண்ணு?" என்று கேட்டார் தந்தையார். போட்டுப் பார்த்தேன் என்றேன். இரண்டாம் ஆண்டுக்கு உதவித்தொகை கிடைத்தது. முதலாண்டில் வாங்கிய முன்பணம் அவருடைய கூலியில் மாதாமாதம் பிடித்துத் தீர மேலும் எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தை எந்தச் சூத்திரத்தாலும் நான் திருப்பித் தர இயலாது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

முடிவாக, வாசகர்கள் தாமே போட்டுப் பார்க்க நான்கு கணக்குகள் தருகிறேன். விடைகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதலில் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

1. 25 மாணவரின் சராசரி வயது 20. ஆசிரியரையும் சேர்த்தால் சராசரி 21 ஆகிறது. ஆசிரியரின் வயது என்ன?

2. கிலோ 300 ரூபாய்த் தேயிலையையும் 420 ரூபாய்த் தேயிலையையும் எந்த விகிதத்தில் கலந்தால் கலவை கிலோ 340 ரூபாய் பெறும்?

3. நூற்றுக்கு 20 பங்கு உப்புள்ள கரைசல் 10 கிலோ. நூற்றுக்கு 40 பங்கு உப்புள்ள கரைசல் 30 கிலோ. இரண்டையும் கலந்தால் உப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு?

4. ஒருவர் பயணத்தின் பாதித் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும் மறுபாதியை 60 கிலோமீட்டர் வேகத்திலும் கடந்தார். மற்றொருவர் பாதி நேரம் 30 வேகத்திலும் பாதி நேரம் 60 வேகத்திலும் சென்றார். இருவரின் சராசரி வேகங்கள் யாவை?

விடைகள்: 1. 46 வயது. ஆசிரியர் 25 மாணவரையும் தலைக்கு ஓர் ஆண்டு உயர்த்தி, தாமும் 21க்கு நிற்க வேண்டும்: 25 + 21. 2. மலிவானது 2 பங்கு, உயர்ந்தது 1 பங்கு. 3. 35 பங்கு. 4. முதல்வர் 40, மற்றவர் 45. நேரம் சமமானால் மட்டுமே எளிய சராசரி பொருந்தும். ஏனெனில் 'கு' நேரத்தின் மீது நிற்கிறது.

நான்கையும் சரியாகப் போட்டவர்கள் அடுத்த ஞாயிறு சங்க அறைக்கு வந்து, போடாதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். போடாதவர்கள் கூச்சமின்றி வாருங்கள். கணக்கைத் தொடங்கும்முன் என் தந்தையார் கேட்ட கேள்வியை மட்டும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எது எத்தனை கிராம்?